கச்சிராயர் வயலும் இளையவர் தலையும்

முன்னொரு காலத்தில், ஏரிக்கும் வாய்க்காலுக்கும் குறைவில்லாத ஒரு நாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அவன் தம்பி முத்துவீரன். தம்பியின் தீர்ப்பென்றால் தோற்றவனும் கும்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த வம்சத்தில் ஒரு நோய் இருந்தது. தாத்தாவுக்கு நடுவயதில் ஒற்றைத் தலைவலி வந்தது, பிறகு கால் இழுத்தது, அப்புறம் பேச்சே மறந்தது. அப்பாவுக்கும் அதே கதை. இப்போது முத்துவீரனுக்கும் தலைவலி. சபையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திகைத்து உட்கார்ந்துவிடுவான்.

இதற்காகவே காத்திருந்தார் சபையிலிருந்த பெரிய நிலக்காரர் கச்சிராயர். நீதி ஆசனத்தில் தன் மருமகனை உட்காரவைக்க அவருக்கு நெடுநாள் ஆசை.

"மகாராஜா, சொல்லவே நாக்குக் கூசுகிறது. இளையவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கோட்டைக்குள் பூட்டிவைப்பதே எல்லோருக்கும் நல்லது" என்றார்.

நாக்காவது, கூசுவதாவது! அந்த நாக்குக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது.

"பூட்டுங்கள்" என்றான் ராஜா, தம்பியின் முகத்தைப் பார்க்காமலே.

அமைச்சர் தேனப்பன் சட்டென்று எழுந்தார். இப்போது வாயைத் திறக்காவிட்டால் அந்த நல்ல மனுஷன் இருட்டறைக்குள் போய்விடுவான்.

"மகாராஜா, பொறுங்கள். இளையவரின் புத்தியில் குறையில்லை என்று சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார்."

"யார்?"

"நம் கச்சிராயர்தான்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. "அவர் வாயாலேயே வரவழையும். வராவிட்டால் உம்மையும் சேர்த்துப் பூட்டுவேன்!"

தேனப்பன் கச்சிராயர் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்கள் வயலுக்குத் தண்ணீர் சரியாகப் பாய்வதில்லையாமே? ஏரி வற்றிவிட்டதா?"

"அதை ஏன் கேட்கிறீர்! ஏரி ததும்புகிறது. மடைப்பலகைகள்தான் இறுகிக் கிடக்கின்றன. எந்நேரமும் கொஞ்சம் கசிந்து வரும். பயிருக்குக் கூடுதலாக வேண்டும்போது இழுத்தால், பலகை அசையமாட்டேன் என்கிறது. பாட்டன் காலத்திலிருந்தே இப்படித்தான்."

"அப்படியானால் அது தரிசு. விட்டுத்தொலையுங்கள்."

கச்சிராயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் நிலத்தைத் தரிசு என்கிறீர்? எல்லாப் பாத்திக்கும் ஒரேயடியாகத் திறந்தால்தான் காயும். நான் முறைவைத்துப் பாய்ச்சுகிறேன். ஒரு பாத்தி நனைந்தபிறகுதான் அடுத்தது. விளைச்சலைப் பார்த்துவிட்டுப் பேசும்! என் மண்ணில் ஒரு குறையுமில்லை!"

"சாட்சி முடிந்தது, மகாராஜா!" என்றார் தேனப்பன். "தலைக்குள் மயிரிழை போல ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன என்கிறார் நம் வைத்தியர். மூளையில் எந்த இடம் உழைக்கிறதோ, அங்கே குழாய் விரிந்து கூடுதல் ரத்தம் விடும். உங்கள் வம்சத்தில் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து இறுகிவிடுகிறது. கச்சிராயரின் மடைப்பலகை போல, வேண்டும்போது அவை விரிவதில்லை. அவர் மண்ணைப் போலவே இளையவர் புத்தியிலும் குறையில்லை. நோய் போய்விடும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இளையவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்."

"வெறும் பேச்சு!" என்று கச்சிராயர் கத்தினார்.

ராஜா கையமர்த்தி, "தம்பி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டான். சபை அடங்கியது. முத்துவீரன் எழுந்து சபையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தான். நேரம் போயிற்று.

"கச்சிராயரே," என்றான் கடைசியில், "எனக்குத் தண்டனை இப்போதுதான் சொன்னார்கள். உங்கள் மருமகன் மட்டும் எப்படி நீதிபதியின் தலைப்பாகையோடு வந்திருக்கிறார்?"

எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. மருமகன் அவசர அவசரமாகத் தலைப்பாகையை அவிழ்த்தான். கச்சிராயர் முகத்தில் ஈயாடவில்லை.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கித் தம்பியைக் கட்டிக்கொண்டான். "எனக்கும் அந்தத் தலைவலி வருகிறதடா. உன்னைக் கண்ணுக்கு மறைத்துவிட்டால் என் பயமும் மறைந்துவிடும் என்று நினைத்தேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் அழுதான்.

பிறகு தேனப்பனுக்குத் தன் முத்துமாலையை அணிவித்தான். கச்சிராயர் கையில் ஒரு கோலைக் கொடுத்தான். "இனி இந்தச் சபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது. குறுக்கே பேசுகிறவர் யாரானாலும் கோலைத் தட்டி அடக்குவது உம் வேலை. நீர் வாயே திறக்கக்கூடாது."

முத்துவீரன் நீதி ஆசனத்தில் அமர்ந்து அன்றைய வழக்கைக் கேட்டான். தீர்ப்பை யோசித்துக்கொண்டிருக்கையில் ராஜா பொறுமையிழந்து, "தம்பி, நான் என்ன சொல்கிறேன் என்றால்..." என்று தொடங்கினான். கச்சிராயர் நடுங்கிக்கொண்டே கோலைத் தரையில் தட்டினார்.

ராஜா கப்சிப்பென்று வாயை மூடிக்கொண்டான். தம்பி சொல்லி முடிக்கும்வரை நாடே காத்திருந்தது.