அரசரைக் கூப்பிட ஆளில்லை

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது, மதிவாணர் என்றொரு அரசர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஆட்சி செய்த நேரத்தைவிடக் கனவு கண்ட நேரம் அதிகம். ஒருநாள் அவருக்குத் தண்ணீரின் மேல் தூங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உடனே அரண்மனைத் தாமரைக் குளத்தின் நடுவே ஒரு படகை நிறுத்தி, மெத்தை விரித்து, மேலே வெள்ளைத் துணியில் பந்தல் கட்டினார்கள். இரவெல்லாம் படகு மெல்ல ஆடும். விடியும் நேரத்தில் பனி இறங்கிப் படகையும் அரசரையும் மூடிக்கொள்ளும். மிதப்பது தண்ணீரிலா வானத்திலா என்று அவருக்கே சந்தேகம் வரும்.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் அரசர் தாமாக எழுந்து வரக் கூடாது. கட்டியக்காரர் போய்ப் பட்டப்பெயர்களை அடுக்கிக் கூப்பிட்ட பிறகுதான் அவர் கால் தரையில் படலாம். கூப்பிடாமல் வந்தால் நாட்டுக்கு ஆகாதாம். இதற்கென்றே வெள்ளித்தடி பிடித்த கட்டியக்காரர்கள் ஒரு கூட்டமாக அரண்மனையில் இருந்தார்கள். ஒருவர் கூப்பிடுவார், மற்றவர்கள் பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவார்கள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கஜானா இளைத்தது. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்க்கும்படி கஜானாத் தலைவர் விடங்கராயரிடம் அரசர் சொன்னார். விடங்கராயர் கண்ணுக்கு மிதக்கும் மெத்தை தெரியவில்லை. கொட்டாவி விடுகிறவர்களும் தெரியவில்லை. ஊர்க் கோடியில் இருந்த உப்பளத் தெருப் பள்ளிதான் தெரிந்தது. கஜானாத் தலைவர்களின் கண்கள் எப்போதும் அப்படித்தான் அமைந்திருக்கும் போலும்.

உப்பு வாரும் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. ஓர் ஆசிரியரும், அஞ்சலாட்சி என்ற நடையாளும் அங்கே இருந்தார்கள். தினமும் எந்தப் பிள்ளையின் இடம் காலியாக இருக்கிறதோ அந்த வீட்டுக்கு நடந்துபோவதுதான் நடையாளின் வேலை. அஞ்சலாட்சி யாரையும் அதட்ட மாட்டாள். வாசலில் உட்கார்ந்து, என்ன சங்கடம் என்று கேட்பாள். செவந்தி என்ற சிறுமி வராமல் இருந்ததற்குக் காரணம் அவளுடைய கைக்குழந்தைத் தம்பி. அம்மா உப்பளத்துக்குப் போய்விட்டால் அவனைப் பார்க்க ஆளில்லை. அஞ்சலாட்சி தம்பியையும் இடுப்பில் தூக்கிவந்து பள்ளித் தாழ்வாரத்தில் தூளி கட்டிவிட்டாள். செவந்தி எழுதிக்கொண்டே ஒரு காலால் தூளிக் கயிற்றை ஆட்டுவாள்.

விடங்கராயர் சபையில் எழுந்தார். "அரசே, ஆசிரியர் பள்ளியில் இருக்கிறார். பிள்ளை வீட்டில் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் தெரு. தெருவில் நடப்பதற்குக் கஜானா ஏன் சம்பளம் தர வேண்டும்?"

அரசர் பாதித் தூக்கத்தில் தலையாட்டினார். சபை விகடர் உலகநம்பி மட்டும், நடையாள் போனால் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோவார்கள் என்று எடுத்துச் சொன்னார். விடங்கராயருக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். தாம் வாய் திறந்தால் அரசருக்குத் தூக்கம் வருகிறது, இவர் வாய் திறந்தால் சிரிப்பு வருகிறது என்ற பொறாமை. பௌர்ணமிக்குள் பள்ளி காலியானால் அதைத் தம் மைத்துனருக்கு உப்பு மூட்டைக் கிடங்காகக் கொடுத்துவிடும் எண்ணமும் இருந்தது.

"விகடருக்கு அந்தப் பள்ளிமேல் பாசம் அதிகம் அரசே. ஆகவே புதிய ஆணையைக் காவல் காக்கும் பொறுப்பை அவருக்கே தாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினாலும் அவருக்கு இந்தச் சபையில் இடமில்லை" என்றார். தெருவில் கண்ணீரோடு நிற்கும் நடையாளை விகடரே விரட்ட வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆணையை எழுதியவரும் விடங்கராயர்தான். உப்பளத் தெரு என்ற பெயரை அரச ஆணையில் எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, பொதுவாக எழுதிவிட்டார். மறுநாள் முரசறைந்தார்கள்: கஜானாவில் சம்பளம் வாங்கும் எவரும் இனி ஒருவரை அவர் இருக்கும் இடம் தேடிப் போய் அழைக்கக் கூடாது. வர வேண்டியவர் தாமே வரட்டும்.

அஞ்சலாட்சி வேலை இழந்தாள். சில நாட்களிலேயே பள்ளியில் பாதி இடம் காலி. செவந்தி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருக்கோடியைப் பார்த்தபடி இருந்தாள். உலகநம்பி அந்தப் பக்கம் போய் அதைப் பார்த்தார். நேராக அரண்மனைக்குத் திரும்பினார்.

அடுத்த நாள் விடியும் நேரம். குளத்தங்கரையில் உலகநம்பி நின்றார். வெள்ளித்தடிகளோடு வந்த கட்டியக்காரர்களைப் பரிசலில் ஏறவிடாமல் தடுத்து, கஜானாச் சம்பளம் வாங்குபவர்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றதும் அப்படியே கரையில் உட்காரச் சொன்னார்.

குளத்தின் நடுவில் அரசர் கண்விழித்துப் படுத்திருந்தார். பனி வெண்மையாகச் சூழ்ந்திருந்தது. எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தியது. கூப்பிடும் குரல் எதுவும் வரவில்லை. முதலில் சுகமாகத்தான் இருந்தது. பனி கலைந்தது, தாமரைகள் விரிந்தன, வெயில் பந்தலைத் தொட்டது. அப்போதும் யாரும் வரவில்லை. தாம் இறந்துபோய், அதை யாரும் தமக்குச் சொல்லவில்லையோ என்றுகூட நினைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தனிமை பயமாக இருந்தது.

கரையில் விடங்கராயர் மூச்சிரைக்க ஓடி வந்தார். சபையில் சிம்மாசனம் காலியாக இருக்கிறது, நானே போய் அழைக்கிறேன் என்று பரிசலில் காலை வைத்தார்.

உலகநம்பி பணிவாகக் கையை நீட்டித் தடுத்தார். "தாங்களும் சம்பளம் வாங்குகிறீர்கள் ஐயா. வர வேண்டியவர் தாமே வரட்டும்."

ஆணையை மாற்றிவிடுவதாக விடங்கராயர் சொன்னார். அரசர் மட்டுமே மாற்ற முடியும், அரசரோ குளத்தில் இருக்கிறார் என்று விகடர் நினைவூட்டினார். விடங்கராயர் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டியக்காரர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கஜானாவில் சம்பளம் வாங்காத ஒருவர் போகலாமே என்று உலகநம்பி மெதுவாகச் சொல்லி, பூ விற்க வந்த ஒரு சிறுவனை அனுப்பி அஞ்சலாட்சியை வரவழைத்தார்.

அவள் பரிசலைத் தேடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். பட்டப்பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. படகின் விளிம்பில் கை வைத்து, பிள்ளைகளிடம் பேசுவதுபோலவே பேசினாள்.

"ஐயா, உங்களைக் காணோம்னு வந்தேன். உடம்புக்கு ஏதும் முடியலையா? மனசுக்கு ஏதும் சங்கடமா?"

அரசர் எழுந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "நான் வரவில்லை என்று உனக்கு எப்படித் தெரிந்தது அம்மா?"

"உங்க இடம் காலியா இருக்குன்னு சொன்னாங்க. வாங்க, நான் கூடவே வாறேன்."

அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கி, நனைந்த பட்டோடு கரையேறினார். நடந்ததை உலகநம்பி சொன்னார். அரசர் விடங்கராயரைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளித்தடிகளைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் ஒரு காலைப்பொழுதுதான் காத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள்?"

"இன்னும் காத்திருக்கிறார்கள் அரசே" என்றார் உலகநம்பி.

அன்றே பழைய ஆணை ரத்தாகிப் புதிய முரசு ஒலித்தது. தம்மைக் கூப்பிட ஒரு கட்டியக்காரர் போதும், மற்றவர்கள் எல்லோரும் ஏழைத் தெருப் பள்ளிகளுக்கு நடையாட்களாகப் போகட்டும், அவர்களுக்குத் தலைவி அஞ்சலாட்சி என்றார் அரசர். கஜானாவுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. கட்டியக்காரர்களுக்குத்தான் கஷ்டம். முதல் நாள் அவர்கள் போட்ட சத்தத்தில் தெருவிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. அஞ்சலாட்சி தடிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்து, முதலில் உட்காருங்கள், பிறகு கேளுங்கள், கடைசியாகக் கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள்.

பௌர்ணமிக்கு முந்தின காலை, உலகநம்பியும் அரசரும் பனிமூட்டத்துக்குள் உப்பளத் தெருவில் வந்து நின்றார்கள். செவந்தி வீட்டு வாசலில் மெல்லிய குரலில் கட்டியம் கேட்டது. "உப்பளத் தெருவின் ஒளிவிளக்கு, தம்பியைத் தாங்கும் தாயுள்ளம், செவந்தியார் வருகிறார், பராக், பராக்!"

பலகையை அணைத்துக்கொண்டு செவந்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டியக்காரர், தோளில் கைக்குழந்தையும் அதன் எச்சிலுமாக நடந்தார். பனிக்குள் தெரு நெடுக அங்கங்கே வேறு பெயர்களுக்கும் கட்டியம் எழுந்தது. அரசர் சந்தோஷம் தாங்காமல் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகநம்பிக்குப் போட்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, வழியில நிக்காம கொஞ்சம் ஒதுங்குங்க. இன்னும் ரெண்டு பிள்ளைங்க வரல."

அரசர் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார். அஞ்சலாட்சி வேகமாக அவரைக் கடந்துபோனாள்.