ஒரு வாளி ரெசின்

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் சங்கரபாகம் அண்ணாச்சியின் பட்டறைக்கு வழி கேட்டால் யாரும் திசை சொல்ல மாட்டார்கள். சத்தம் கேட்கிற பக்கம் போங்க என்பார்கள். அந்தச் சத்தம் இயந்திரத்தினுடையது அல்ல.

ஓட்டைத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஃபைபர் ஒட்டுப் போட்டுப் பிழைப்பைத் தொடங்கியவர் அவர். பேசிப் பேசியே பட்டறை வைத்தார். பேசிப் பேசியே, அச்சில் வைத்து அழுத்தும் பெரிய பிரஸ்ஸையும் வாங்கினார். பேரத்தில் அவர் தோற்றது ஒரே ஒருவரிடம்தான். பிரஸ்ஸை ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த ஜெபக்கனி டீச்சர். அவரைவிட வயதில் இளையவர். தன் கூலியைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி வெகுநேரம் பேசினார். கடைசியில் டீச்சர் சொன்னதே நின்றது. அன்றிலிருந்து அவர்தான் குரு என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி மூடி செய்யும் ஆர்டர் வந்திருந்தது. கண்ணாடி இழைப் பாயை அடுக்கி, பிசின் மாதிரியான ரெசினை ஊற்றி, சூடான அச்சில் வைத்து பிரஸ்ஸை மூடினால் மூடி தயார். முன்பெல்லாம் பிரஷ்ஷால் தடவித் தடவிச் செய்தபோது ஒரு மூடிக்கே அரைப்பொழுது போகும். இப்போது அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்: ஒரு டீயைக் குடித்து முடிக்குமுன் ஒரு மூடி வெளியே வரும். அதைப் பார்க்க மறுநாள் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சொன்னபடி மூடி வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஒத்திகையில்தான் புகைந்தது.

ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலப்பது அண்ணாச்சியின் கை மட்டும். கூடினால் கருகும், குறைந்தால் இறுகாது என்று வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை. பிரஸ்ஸின் வேகத்துக்குக் குவளை குவளையாகக் கலந்து கட்டுப்படியாகவில்லை. ஒரு வாளி நிறையக் கலந்தார். நாலைந்து மூடிக்கு ஊற்றுவதற்குள் வாளி கொதித்துப் புகை கக்கியது. பட்டறையில் வேலை செய்யும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். திரும்பி வந்தபோது வாளி முழுக்கக் கல். கலக்கிய கம்பு நடுவில் நட்டுக்குத்தலாக நின்றது.

அண்ணாச்சி ரெசின் விற்றவரைப் போனில் ஏசினார். பிறகு அந்தப் பெண்களில் வாளியைத் தொட்டே இராத முப்பிடாதியை ஏசினார். டீச்சர் வந்து சேர்ந்தபோது வாளியையே ஏசிக்கொண்டிருந்தார்.

"ரெசின் மோசமா, பிரஸ் மோசமா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் வாளியை எட்டிப் பார்த்தார். ஒரு குவளை கலந்து தரச் சொன்னார். அண்ணாச்சி கலந்து கொடுத்தார். அதில் பாதியை ஒரு டம்ளரில் ஊற்றினார் டீச்சர். மீதியை ஒரு சோற்றுத் தட்டில் பரப்பினார். இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, டீ சொல்லச் சொன்னார்.

டீ காலியாகுமுன் டம்ளர் புகைந்தது. உள்ளே குவிந்து கிடந்தது தன் சூட்டிலேயே சடசடவென்று வெடித்துக் கருகியது. தட்டில் மெல்லிசாகப் பரந்திருந்தது தேன் நிறத்தில் அமைதியாக இறுகிக் கிடந்தது. அண்ணாச்சி தொட்டுப் பார்த்தார். உள்ளங்கைச் சூடுதான்.

"ஒரே கலவை. ஒரே கை," என்றார். "இந்தத் தட்டுல இருந்த சூடு எங்க போச்சு?"

டீச்சர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நாளைக்கு வாளி வேண்டாம் அண்ணாச்சி. குவளை."

"அத்தனை குவளைய ஒருத்தன் எப்படிக் கலக்குவான்?"

"கலக்க முடியாது," என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பிவிட்டார்.

அண்ணாச்சி தன்னோடு தானே பேரம் பேசிப் பார்த்தார். பாதியை நான் கலக்குகிறேன், பாதியைப் பெண்கள். எதிரில் விட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் பேரம் படியவில்லை. கடைசியில் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அளவைச் சொன்னார். அதுவரை யாருக்கும் சொல்லாத அளவு. அவர் வாயிலிருந்து மெல்லத்தான் வந்தது. காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்க என்றாள் முப்பிடாதி. அண்ணாச்சி மெதுவாகப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் டீ கிளாஸோடு நின்றார்கள். வரிசையாகக் குவளைகள். ஒருத்தி கலக்க, ஒருத்தி ஊற்ற, பிரஸ் மூடித் திறந்தது. நடுவில் முப்பிடாதியின் கை தடுமாறி ஹார்டனர் கூடுதலாக விழுந்தது. குவளை அவள் கையிலேயே புகைந்தது.

பட்டறையே அண்ணாச்சியைப் பார்த்தது. அண்ணாச்சி மூச்சை இழுத்தார்.

முப்பிடாதி குவளையை மணல் தொட்டியில் போட்டாள். அதற்குள் பக்கத்துக் குவளை அச்சில் ஊற்றியாயிற்று. பிரஸ் மூடியது. திறந்தது. மூடி வந்தது. வந்தவர்கள் கையில் டீ பாதிகூடக் குறையவில்லை.

இழுத்த மூச்சை அண்ணாச்சி சும்மா விட்டார்.

அப்புறம் விலை பேசினார்கள். அதில் அண்ணாச்சி இம்மியும் இறங்கவில்லை. இறங்காமலே பேசி முடித்து, கார் கிளம்பும்வரை வாசலில் நின்று அனுப்பிவைத்துவிட்டு வந்தார். டீச்சர் பிரஸ் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நேத்துக் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல டீச்சர்," என்றார். "அந்தத் தட்டுல இருந்த சூடு எங்க போச்சு?"

"காலையிலேர்ந்து நீங்க ஒருத்தரையும் ஏசலையே அண்ணாச்சி," என்றார் டீச்சர். "அளவ எல்லார் கைக்கும் பரப்பிக் குடுத்ததும் அது எங்க போச்சு?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பிரஸ்ஸும் திறந்தது. அவர் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டார்.