ஆளுக்கு ஒரு கரண்டி

தீக்குச்சிகூடக் கப்பலில் வந்தால்தான் உண்டு, அந்தத் தீவில். அங்கே பணத்தை அளந்து வெளியிடும் நாணய வங்கிக்குத் தலைவர் கனகசபாபதி. இந்த ஆண்டு விலைவாசி நூற்றுக்கு நான்குக்கு மேல் ஏறாது என்று தை மாதம் வானொலியில் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கோ போர் மூண்டது, கப்பல் கூலி எகிறியது, ஆடிக்குள் விலையேற்றம் ஒன்பதைத் தொட்டுவிட்டது.

பாவம், மனிதர் தூக்கம் கெட்டுப்போனார். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தம் குருவைத் தேடி மடத்துக்கு வந்தார். குரு வேதவல்லி அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"நாளைக்கு மறுபடியும் வானொலியில பேசணும் அம்மா. எந்த முகத்தோட பேசுவேன்? கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"பேச்சு அப்புறம். இது கஞ்சி ஊத்துற நேரம். கரண்டியைப் பிடிங்க."

காற்று மாறியதால் அன்று அரிசிப் படகு வரவில்லை. பானையில் பாதிதான் கஞ்சி. பார்த்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று கனகசபாபதி ஒரு தட்டைப் போட்டு மூடினார். லேசாகத் திறந்து திறந்து ஊற்றினார்.

"நிறைய இருக்கு, அவசரப்படாதீங்க!"

அந்த மடத்தில் மூடிய பானையை யாரும் பார்த்ததே இல்லை. வரிசை கலைந்தது. ஒரு பாத்திரத்தோடு வந்தவர்கள் இன்னொன்று எடுத்துவர ஓடினார்கள். மீன் விற்கும் சவரியம்மாள் இரண்டு தூக்குவாளிகளை நீட்டினாள்.

"ரெண்டுலயும் ஊத்துங்க ஐயா. நாளைக்கு இருக்குமோ என்னமோ."

அம்மையார் வந்து தட்டை எடுத்தார். பானையைச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினார்.

"படகு வரல. இன்னிக்கு ஆளுக்கு ஒரு கரண்டி. கடைசி ஆளுக்கும் உண்டு. படகு வந்துட்டா பழையபடி மூணு."

சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் வாய்விட்டே திட்டினார். சவரியம்மாள் பானையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்."

கடைசியில் நின்ற கிழவருக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. கனகசபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணுன்னு எந்தத் தைரியத்துல வாக்குக் கொடுத்தீங்க அம்மா? காத்து உங்க கையில இல்லையே?"

"காத்து இல்லதான்," என்றார் அம்மையார். "கரண்டி யார் கையில இருக்கு?"

கனகசபாபதி குனிந்து பார்த்தார். இன்னும் அவர்தான் பிடித்திருந்தார்.