பெருங்காவல் படைக்குத் தேறிய ஒரே ஆள்

வேங்கை நாட்டில் ஐந்து மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காவலர்கள். கொள்ளைக்காரர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. ஒரு மண்டலத்தில் மாடுகளைக் கவர்ந்து அடுத்த மண்டலத்து எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டால் போதும். துரத்தி வந்த காவலர்கள் மூச்சு வாங்க நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

அரசர் வெற்றிவேழர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். ஐந்து மண்டலங்களிலும் நுழையக்கூடிய பெருங்காவல் படையை அறிவித்தார். ஆளுக்கொரு குதிரை உண்டு, திறமை இருந்தால் தளபதி வரை உயரலாம் என்று பறையறைந்தார்கள். முந்நூறு பேர் வந்து குவிந்தார்கள்.

அவர்களை விசாரித்து நற்சான்று கொடுக்கும் பொறுப்பு அமைச்சர் விழுப்பரையருக்கு. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். தாம் சேர்த்த ஆள் நாளைக்குத் தவறு செய்தால் தம் தலை அல்லவா உருளும்? ஆகவே நாற்பது கேள்விகள் எழுதினார். எப்போதாவது பொய் சொன்னதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்றவனைப் பொய்யன் என்று அனுப்பிவிட்டார். உண்டு என்றவனை, அவனே ஒப்புக்கொண்டான் என்று அனுப்பிவிட்டார். எட்டு மாதமாயிற்று. ஒருவர்கூடத் தேறவில்லை.

தள்ளப்பட்டவர்களில் சிவந்தான் ஒருவன். உப்பு வண்டிகளுக்கு ஒன்பது வருஷம் காவல் போனவன். ஐந்து மண்டலத்துக் காட்டுப் பாதைகளும் அவனுக்கு அத்துப்படி. புது வேலையை நம்பிப் பழைய வேலையை விட்டுவிட்டு, சத்திரத்துச் சோற்றில் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். அரசவையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன தாண்டவன் என்பவரிடம் போய்த் தன் குறையைச் சொன்னான்.

“எங்கள் அக்காளைப் பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது ஐயா. வருஷத்துக்கு ஒரு தடவை அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு வருவாள். அயல்நாட்டாரிடம் கைநீட்டி வாங்கினவன் என்று எழுதிவிட்டார்கள்.”

தாண்டவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே கொள்ளைக்காரர்கள் அரண்மனைப் பசுக்களையே ஓட்டிக்கொண்டு போனார்கள். அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. பத்து நாளைக்குள் ஒரே ஒரு ஆளையாவது படையில் சேர்த்துக் காட்டும்படி உத்தரவிட்டார். குற்றமே இல்லாத ஆள் நாட்டில் கிடைக்கவில்லை என்று விழுப்பரையர் கையைப் பிசைந்தார்.

தாண்டவன் எழுந்தார். “ஒருவர் இருக்கிறார் அரசே. மேலைக்காட்டூர் காத்தமுத்து. அமைச்சர் நன்றாக விசாரித்துக்கொள்ளட்டும்.”

விழுப்பரையர் அன்றைக்கே மூன்று ஒற்றர்களை அனுப்பினார். விசாரிப்பது விசாரிக்கப்படுபவருக்குத் தெரியக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. ஆகவே ஒற்றர்கள் காத்தமுத்து இருந்த பக்கமே தலைகாட்டவில்லை. ஊராரிடம் மட்டும் கேட்டார்கள். காத்தமுத்து குடிப்பதில்லை, ஒருவரோடும் சண்டைக்குப் போனதில்லை, வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை என்றார்கள் ஊரார். உறவென்று வெளிநாட்டில் ஒருவருமில்லை. வெயிலானாலும் மழையானாலும் காவலை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை.

விழுப்பரையருக்கு ஒரே பூரிப்பு. நாற்பதுக்கு நாற்பது. சான்றோலையில் தம் கையால் முத்திரை வைத்தார்.

பத்தாம் நாள் சபை நிரம்பியிருந்தது. சான்றோலையின் கடைசி வரியை அரசரே உரக்கப் படித்தார்: “அடக்கமும் பொறுமையும் மிக்கவர். விரைவில் தளபதியாக உயரத் தக்கவர்.” பிறகு ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

இரண்டு குடியானவர்கள் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையைத் தூக்கிவந்து அரசர் முன்னே நட்டு வைத்தார்கள். பானைத் தலை, வைக்கோல் உடம்பு, கிழிந்த சட்டை. “இவர்தான் எங்கள் ஊர்க் காத்தமுத்து,” என்றார்கள்.

“தாண்டவா,” என்றார் அரசர் மெதுவாக, “இவனால் ஒரு திருடனைப் பிடிக்க முடியுமா?”

“நாற்பது கேள்வியில் அது இல்லையே அரசே.”

அரசர் முதலில் முறைத்தார். பிறகு ஓலையை இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. விழுப்பரையரும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

அன்று மாலையே தாண்டவன் சொன்னபடி சிவந்தானைக் கூப்பிட்டு, பசுக்கள் எந்த வழியாகப் போயிருக்கும் என்று அரசர் கேட்டார். அவன் தரையில் கோடு போட்டுக் காட்டினான். அரண்மனை வீரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய், நாலாம் நாள் பசுக்களோடும் ஏழு கொள்ளைக்காரர்களோடும் திரும்பி வந்தான். அரசர் சபையைக் கூட்டி அவனைப் படையில் முதல் ஆளாகச் சேர்த்தார். தாண்டவனுக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

கூட்டம் கலையும்போது மேலைக்காட்டூர்க் குடியானவர் ஒருவர் தயங்கித் தயங்கி விழுப்பரையரிடம் வந்தார்.

“எசமான், தளபதியை எப்போது திருப்பி அனுப்புவீர்கள்? கொல்லையில் கிளி இறங்கிவிட்டது.”