ஆமணக்கு வெடித்த நாள்

அந்தக் காலத்தில் செடியும் பூச்சியும் மனிதரோடு பேசின. கேட்காமல் யாரும் எதையும் பறிப்பதில்லை. கொடுப்பதும் மறுப்பதும் செடியின் விருப்பம்.

ஒரு கரட்டுமேட்டில் ஆமணக்கு ஒன்று நின்றது. அதன் காய்கள் முற்றிக் காய்ந்த பிறகும் வெடிக்காது. விதைகளைத் தன் பிள்ளைகள் என்று சொல்லி உள்ளேயே இறுக்கி வைத்திருந்தது. அதன் நிழலில் கறுப்பு வண்டு ஒன்று குடியிருந்தது.

ஒருநாள் ஆடு மேய்க்கும் செவத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"தாயே, என் மக பொன்னாச்சி நாலு நாளா வெளிக்குப் போகலை. வயிறு பானையா வீங்கிக் கெடக்கு. உன் விதை எண்ணெய்க்கு வயித்தைக் கழுவுற குணம் உண்டுன்னு மைனா சொல்லுச்சு. ஒரு கைப்பிடி குடு."

"உனக்கு ஒரு பிள்ளை உசுருன்னா எனக்கு இத்தனையும் உசுரு. வறுத்து இடிக்கவா குடுப்பேன்? போயிரு" என்றது ஆமணக்கு.

செவத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். வண்டுக்கு மனம் கேட்கவில்லை.

"அம்மா, இத்தனை பெத்தியே, ஒண்ணாவது முளைச்சுதா?" என்று கேட்டது.

"வெளியே போனா எறும்பு தின்னும், வெயில் சுடும். எங்கிட்ட இருந்தா பத்திரம்."

"பத்திரமாத்தான் இருக்கு. வளரலையே."

"என் நிழல்ல இருந்துக்கிட்டு எனக்கே புத்தி சொல்றியா?"

வண்டு தண்டில் ஏறியது. காய்ந்த காய் ஒன்றில் மயிரிழை போலக் கீறல் இருந்தது. அதற்குள் தலையை நுழைத்தது. இதற்குப் பிறகு அந்த நிழலில் தனக்கு இடமில்லை என்பது அதற்குத் தெரியும். ஆனாலும் உடம்பை வில்லாக வளைத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உந்தியது.

'டக்!'

காய் வெடித்தது. வண்டின் முதுகும் முறிந்தது. அதிர்ச்சியில் பக்கத்துக் காய்களும் படபடவென்று வெடித்தன. விதைகள் மேடெங்கும் தெறித்தன. ஆமணக்கு வாய்விட்டு அழுதது.

செவத்தான் ஒரு பிடி மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடினான். வறுத்தான், இடித்தான், நீரில் கொதிக்கவிட்டு மேலே மிதந்த எண்ணெயை எடுத்து ஒரு சங்கு மகளுக்குப் புகட்டினான். பொழுது சாய்வதற்குள் வயிறு இளகிக் கழிந்தது. பொன்னாச்சி கண்ணைத் திறந்து, "அப்பா, கூழு" என்றாள்.

மறுநாள் அவன் ஆமணக்கிடம் வந்து கும்பிட்டான்.

"தாயே, எம் புள்ள பொழைச்சிட்டா. இதை என்னன்னு சொல்றதுன்னே தெரியலை. உன் விதை தெறிச்ச மாதிரி என் மனசு துள்ளுது!"

ஆமணக்கு வண்டின் பக்கம் திரும்பவில்லை. வண்டு முறிந்த முதுகோடு நிழலுக்கு அப்பால் ஒரு கல்லடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

பிறகு மழை பெய்தது. மேட்டின் கடைசிவரை சிவந்த தண்டோடு கன்றுகள் எழுந்தன. ஆமணக்கு நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"வண்டே, முதுகு ரொம்ப வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டது.

அந்தக் குரலைக் கேட்டு அவசரமாகத் திரும்பிய வண்டு மல்லாந்து விழுந்தது. முறிந்த இடம் 'டக்'கென்று சொடுக்கியது. வண்டு ஒரு முழ உயரம் எம்பி, காலூன்றி விழுந்தது.

"வலிக்கலைம்மா. துள்ளுது" என்றது.

அந்த மழைக்காலம் தொட்டுத்தான் ஆமணக்கு தன் விதைகளைத் தானே வெடித்து அனுப்புகிறது, புரட்டிப் போட்டால் அந்த வண்டினம் சொடுக்கி எழுகிறது, தாங்காத மகிழ்ச்சி வந்தால் நாமும் 'மனம் துள்ளுகிறது' என்கிறோம்.