வியாழக் கம்பியும் வெள்ளிக் கம்பியும்

செங்கழனிபுரம் கல்லூரி வேதியியல் கூடத்தில் ஆள் மூணு, புத்தி ஒண்ணு. அந்த ஒண்ணும் அடிக்கடி லீவில் போய்விடும். மூவரில் மூத்தவர் சூசைமாணிக்கம்; மற்ற இருவர் பிச்சாண்டியும் எத்திராஜுலுவும். சூசைமாணிக்கம் பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். 'நிரந்தரம்' என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும், பாவம்.

ஒரு வியாழக்கிழமை காலை பேராசிரியர் தில்லைநாயகம் அவரைக் கூப்பிட்டார். "நான் ஊருக்குப் போறேன். சனிக்கிழமை மேலிடத்துப் பெரியவங்க சோதனை பார்க்க வர்றாங்க. மின்னழுத்தம் அளக்க ஒரு எலக்ட்ரோடு செஞ்சு வைங்க. அது சரியா அமைஞ்சா உங்க நிரந்தரத்துக்கு நானே எழுதித் தர்றேன்." ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார்.

சீட்டில் மூன்றே வரி. வெள்ளிக் கம்பியைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும். பிளீச்சிங் தண்ணீரில் கறுக்கும்வரை ஊறவைக்கவும். பிறகு உப்புத் தண்ணீரில் போட்டு, வெளிச்சம் படாமல் வைக்கவும்.

மேசை இழுப்பறையில், பஞ்சில் சுற்றி ஒரு கம்பி இருந்தது. பிச்சாண்டி அதை எடுத்ததும் சூசைமாணிக்கம் பதறிப்போனார்.

"வைடா கீழே! இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்ணே."

"அப்ப இது வியாழக் கம்பி. ஐயா எழுதியிருக்கிறது வெள்ளிக் கம்பி."

எத்திராஜுலு தலையைச் சொறிந்தான். "இதையே நாளைக்கு எடுத்தா வெள்ளியாயிடாதாண்ணே?"

"வியாழக்கிழமை வச்ச குழம்பு வெள்ளிக்கிழமை புதுசாயிடுமாடா?"

கம்பி வீணாகக் கூடாதென்று அதை வைத்துத் துடைப்பத்தை இறுக்கிக் கட்டினார்கள்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, மின்விசிறி வயரை அறுத்து, புத்தம்புதுக் கம்பி ஒன்றை உருவினார்கள். தேய்த்த தேய்ப்பில் மூவரும் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். பிளீச்சிங் தண்ணீரில் கறுத்தும்விட்டது. சூசைமாணிக்கத்துக்கு ஒரே பூரிப்பு! உப்புத் தண்ணீருக்குக் கேண்டீன் மாங்காய் ஊறுகாய் ஜாடி இருக்கவே இருக்கிறது. அதற்குள் போட்டு அலமாரியில் பூட்டினார்கள்.

"உள்ளே வெளிச்சம் படுதோ என்னவோ" என்றான் பிச்சாண்டி.

"டார்ச் அடிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிடும்" என்றான் எத்திராஜுலு.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தரமும் வெளிச்சம் பட்டது.

"அடக் கடவுளே, எங்கேருந்துதான் வருதோ!" என்று சூசைமாணிக்கம் கையைப் பிசைந்தார். சாயங்காலம் டார்ச்சில் பேட்டரி தீர்ந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

சனிக்கிழமை பெரியவர்கள் சூழ்ந்து நிற்க, அளவுக் கருவியின் முள் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. ஊரிலிருந்து திரும்பியிருந்த பேராசிரியர் கம்பியை வெளியே இழுத்தார். கூடவே ஒரு மாங்காய்த் துண்டும் வந்தது.

"இது வெள்ளியாய்யா?"

"நேத்து வரைக்கும் வெள்ளிதாங்க ஐயா. இன்னைக்குச் சனியாயிடுச்சு" என்றார் சூசைமாணிக்கம்.

"சனியன் என்னைத்தான்யா பிடிச்சிருக்கு! நான் வச்சிட்டுப் போன கம்பி எங்கே?"

மூலையில் துடைப்பம் இடுப்பில் ஒட்டியாணம் கட்டிப் பளபளவென்று நின்றது. பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யோவ், நீ இனிமே நிரந்தரமா வீட்டிலேயே இருய்யா!"

சூசைமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"டேய், நிரந்தரமாயிடுச்சுடா! அத்தனை பெரியவங்க முன்னாடி ஐயா வாயாலேயே சொல்லிட்டாரு. அதுவும் வீட்டிலேயே உத்தியோகமாம்!"

அவ்வளவுதான். மற்ற இருவரும் உள்ளே பாய்ந்து பேராசிரியர் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

"துடைப்பத்தைக் கட்டினது நாங்கதாங்க ஐயா! எங்களுக்கு மட்டும் ஏங்க ஓரவஞ்சனை?"