யாரையும் இடிக்காத கோல்

“டீச்சர், நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?”

கிளீட்டஸ் மைக்கை அணைக்காமலே கேட்டுவிட்டார்.

மைதானத்தின் நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அந்தக் கேள்வியை ஊர் முழுவதற்கும் சொல்லின. இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள்.

பெர்பெத்துவா டீச்சர் கையை நீட்டி மைக்கை அணைத்தார்.

“இப்ப கேளுங்க” என்றார்.

அது கடற்கரை ஊர் ஒன்றின் திருவிழாக் கோப்பை. இறுதியாட்டம். இடைவேளை. இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல்.

டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், ஊர் அணிக்குப் பயிற்சியாளர். கிளீட்டஸுக்கு ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடமாக இந்த மைதானத்தில் கமெண்டரி சொல்பவர்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆட்டம் முடிந்ததும் அவர் டீச்சரிடம் வந்து, “ஆஃப்சைடுன்னா உண்மையில என்னது? நான் கேட்டதை யாருட்டயும் சொல்லிராதீங்க” என்றார். டீச்சர் எட்டுச் செருப்புகளை மணலில் பரப்பிக் காட்டினார். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் கிளீட்டஸ் டீச்சரிடம்தான் வருவார்.

இன்று வந்தது வேறு மாதிரியான சந்தேகம்.

வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இந்தப் போட்டியின் வழக்கம். ஊர் அணிக்கு வந்தவர் குவாபெனா. கானா நாட்டுக்காரர். ஊர் அணியின் ஒரே கோலை அடித்தவரும் அவர்தான். பந்து வலைக்குள் போனதும் கிளீட்டஸ் மேசை மேல் ஏறி நின்று கத்தினார்:

“காட்டுலருந்து அவுத்துவிட்ட கரடி லேய்! எவனாலயும் பிடிக்க முடியாது!”

கூட்டத்தில் ஒரு பகுதி கரடி மாதிரி உறுமியது. கொஞ்ச நேரத்தில் அது குரங்குச் சத்தமாக மாறியது. சொந்த ஊர்க் கூட்டம்தான். சந்தோஷத்தில்தான்.

குவாபெனா கையை உயர்த்தவில்லை. யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. இடைவேளை விசில் ஊதியதும் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அந்த மைக் பேசினால் இனி ஆட இறங்க மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

கமிட்டிச் செயலாளர் ஓடி வந்தார்.

“டீச்சர், நீங்க சொல்றதுதான் முடிவு. மைக்கைப் பிடுங்கணும்னா பிடுங்கிருவோம். பத்து நிமிஷம்தான் இருக்கு.”

கிளீட்டஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் அவனைப் புகழ்ந்தேன் டீச்சர். திட்டலியே!”

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கரடின்னா பலசாலின்னு அர்த்தம். எனக்க சொந்த மச்சினனையே நான் காளைன்னு சொல்லுவேன்.”

“மைக்லயா?”

“வீட்டுல.”

“ம்.”

“பின்ன, அவனுக்குத் தமிழே தெரியாது. தெரியாத பாஷையில சொன்னா எப்படி வலிக்கும்?”

“கொஞ்சம் தெரியும் சேட்டா” என்றார் குவாபெனா, பெஞ்சிலிருந்து.

கிளீட்டஸ் திரும்பினார்.

“மூணு வருஷம் மலப்புறம். ஒரு வருஷம் தமிழ்நாடு. கரடி தெரியும். காடு தெரியும். ‘அவுத்துவிட்ட’ மட்டும் டீச்சர்கிட்ட கேட்டேன்.”

கிளீட்டஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார்.

டீச்சர் கேட்டார்: “அந்த கோல் எப்படி விழுந்தது அண்ணே?”

“நீங்க பாக்கலியா?”

“நீங்க சொல்லுங்க. மைக்ல சொல்ற மாதிரியே.”

கிளீட்டஸுக்கு உயிர் வந்தது. அணைந்த மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“பந்தை வாங்கினான்! முதல் பேக்கை ஒரே இடி, ஆளு மண்ணுல! ரெண்டாவது பேக்கை நெஞ்சால ஒரு தள்ளு, அவனும் மண்ணுல! கோலியும் பந்தும் சேந்து வலைக்குள்ள!”

கிளீட்டஸ் சொன்ன அந்த முதல் பேக், எதிரணியின் தடுப்பாட்டக்காரர், முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு நொண்டியபடி அந்தப் பக்கம் போனார். டீச்சர் அவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, குவாபெனா உங்களை இடிச்சாரா?”

“எதுக்கு டீச்சர்? ரெஃப்ரிட்ட சொல்லப் போறீங்களா?”

“சும்மா கேக்கேன்.”

“இல்ல. தொடவே இல்ல. வலது பக்கம் போற மாதிரி கண்ணைக் காட்டினாரு. நான் போயிட்டேன். போன வேகத்துல விழுந்துட்டேன்.”

“ரெண்டாவது பேக்?”

“அவனும் அதை நம்பித்தான் வந்தான். வந்து எனக்க மேல விழுந்தான். முட்டியில இந்த அடி அவன் குடுத்தது.”

போகப் புறப்பட்டவர் நின்று, குவாபெனாவைப் பார்த்து, “அது எப்படிண்ணே பண்றீங்க?” என்றார்.

“மேட்ச் முடியட்டும். சொல்றேன்.”

தடுப்பாட்டக்காரர் நொண்டிக்கொண்டே போனார்.

கிளீட்டஸ் மைக்கைக் கீழே இறக்கினார்.

“அப்ப நான் பாத்தது என்னது டீச்சர்?”

டீச்சர் செயலாளரைப் பார்த்து, “மைக் இவர்ட்டயே இருக்கட்டும்” என்றார்.

கிளீட்டஸ் பெஞ்சுக்குப் போய் குவாபெனாவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மக்கா, தப்புதான். மன்னிச்சிரு. இனிமே எங்க பயலுவளைச் சொல்ற மாதிரியே உன்னையும் சொல்றேன். உனக்க அப்பா பேரு என்ன?”

அது சின்ன விஷயம் இல்லை. ஊர்ப் பையன் ஒருவன் பந்தைத் தொட்டால் போதும், ‘மேட்டுவிளை வர்க்கீசுக்க மகன், ஐ.டி.ஐ. படிச்ச பய, இடது காலுல வச்சிருக்கான்’ என்பார் கிளீட்டஸ். தன் பெயர் வரும் அந்த ஒரு வரிக்காகக் கடலுக்குப் போகாமல் வந்து உட்காரும் தகப்பன்மார் உண்டு.

குவாபெனா மைக்கைப் பார்த்தார்.

“அப்பா பேர் வேண்டாம் சேட்டா. அந்த மைக்ல வேண்டாம்.”

கிளீட்டஸ் கையை ஊன்றி எழுந்தார்.

“ஆனா இறங்கறேன். டீமுக்காக.” குவாபெனா பூட்ஸை மாட்டினார். “இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டா, பந்தைக் கீழ வச்சிட்டுப் போயிடுவேன். கோலுக்கு முன்னாடி நின்னாலும் போயிடுவேன்.”

விசில் ஊதியது.

இரண்டாம் பாதி தீப்பிடித்த மாதிரி நடந்தது. ஊர் அணி அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எதிரணி அடித்ததைக் கோலி நுனிவிரலால் தட்டிவிட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எப்போதோ எழுந்துவிட்டார்கள்.

கிளீட்டஸ் தொண்டை கிழியக் கத்தினார். குவாபெனாவிடம் பந்து போனால் மட்டும் தடுமாறினார். கரடி இல்லை. புயல் இல்லை. எஞ்சின் இல்லை. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“பந்து... அங்க... போகுது” என்றார்.

ஆட்டம் முடிய ஏழு நிமிடம். குவாபெனா ஒருவரைத் தாண்டினார். இன்னொருவரையும் தாண்டினார். மைதானமே அலறியது.

தெற்குப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் மறுபடி கிளம்பியது.

மூன்றாவது ஆள் காலை நீட்ட, பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. ஊர் அணியின் த்ரோ. குவாபெனா போய் பந்தை எடுத்தார்.

எறியவில்லை.

கமெண்டரி மேசையைப் பார்த்தார். பந்தைக் கோட்டின் மேல் வைத்தார்.

“சத்தம் போடாதீங்க!” என்று கிளீட்டஸ் மைக்கில் கத்தினார். “தயவு செஞ்சு நிறுத்துங்க!”

“நீருதானே ஓய் கரடின்னு சொன்னீரு!” என்றது ஒரு குரல்.

சிரிப்பு. சத்தம் இரண்டு மடங்கானது.

குவாபெனா ஜெர்சியைக் கழற்றத் தொடங்கினார். ரெஃப்ரி அவரை நோக்கி ஓடினார்.

“டீச்சர்!” கிளீட்டஸுக்கு அழுகையே வந்துவிட்டது. “சொன்னா நிறுத்த மாட்டேங்கானுவ டீச்சர்!”

“யாரு?”

“எல்லாரும்தான்!”

“எல்லாரும்னா யாரு அண்ணே?”

கிளீட்டஸ் தெற்குப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே அவருக்குத் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை.

மைக்கை மெதுவாக வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“தெக்குப் பக்கம், மூணாவது வரிசை. மேட்டுவிளை அமலோற்பவத்துக்க மகன் ரெக்சின். நல்ல குரல்.”

சத்தத்தில் ஓர் ஓட்டை விழுந்தது.

“அவனுக்குப் பக்கத்துல ஐஸ் கம்பெனி ஜெரால்டு. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். பிள்ளையள் ரெண்டும் மடியில இருக்கு. அதுவளும் கத்துது.”

ஜெரால்டு ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்.

“பச்சைச் சட்டை, கோயில் பாட்டுக்குழு சகாய டென்னிஸ். ஞாயித்துக்கிழமை பாடுத அதே குரல்.”

பெண்கள் பக்கத்திலிருந்து அமலோற்பவத்தின் குரல் மைக் இல்லாமலே கேட்டது: “லேய் ரெக்சினு! இறங்கி வாலே கீழ!”

“துண்டைப் போட்டு மூஞ்சியை மூடினா தெரியாதோ? லாசருக்க மருமகன். புது மாப்பிள்ளை. பெஞ்சாதி பக்கத்துலதான் இருக்கா.”

புது மாப்பிள்ளை துண்டுக்குள்ளேயே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது தன் பெயர்தானோ என்று இரண்டாயிரம் பேரும் காத்திருந்தார்கள்.

கிளீட்டஸ் மேல்மூச்சு வாங்க டீச்சரைப் பார்த்தார். ஜெயித்துவிட்ட முகம்.

டீச்சர் கேட்டார்: “அவ்வளவு பேர்தானா?”

கிளீட்டஸின் முகம் மாறியது.

மைக்கில் அவர் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. ஊரே கேட்டது.

“இன்னும் ஒரு ஆளு இருக்கான்” என்றார். “முதல்ல கத்தினவன். இவனுவ எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தவன்.”

நிறுத்தினார்.

“பள்ளிவிளை சூசைமிக்கேலுக்க மகன் கிளீட்டஸ். கமெண்டரி மேசையில நிக்கான்.”

யாரும் சிரிக்கவில்லை.

கிளீட்டஸ் மைக்கை டீச்சரிடம் நீட்டினார். 

“நீங்களே வச்சுக்கிடுங்க.”

டீச்சர் வாங்கவில்லை. கோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

குவாபெனா ஜெர்சியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு குனிந்தார். பந்து அவர் கையில் இருந்தது.

“ஆட்டம் இன்னும் இருக்கு அண்ணே” என்றார் டீச்சர்.

குவாபெனா எறிந்தார். பந்து ஊர் அணிக்காரர் ஒருவர் காலில் பட்டு அவருக்கே திரும்பி வந்தது. கண் ஒரு பக்கம் போனது, தோள் ஒரு பக்கம் போனது, பந்து எந்தப் பக்கமும் போகாமல் காலடியிலேயே நின்றது. முன்னால் வந்தவர் காற்றைத் துரத்திக்கொண்டு போனார். குவாபெனா நிமிர்ந்து கோல் பக்கம் பார்த்தார். கோலி ஓர் அடி முன்னால் வந்தார்.

கூட்டம் கம்பிவேலியில் வந்து மோதியது.

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

“கிளீட்டஸண்ணே!” யாரோ கத்தினார்கள். “என்னாச்சு? மைக் போச்சா?”

“மைக் இருக்கு லேய்!” என்றார் கிளீட்டஸ். “பேசாம இரி. பாத்துக்கிட்டு இருக்கேன்.”